முடிவு தெரிந்த கதை

மேகமலை, வருஷநாட்டு மலைகளில் பெய்யும் மழை வைகையாய்த் திரண்டு, 1959-இல் திறக்கப்பட்ட அணையில் 71 அடி வரை தேங்கி நிற்கும் காட்சியைக் கண்டு ரசிக்கிறவர்களில், அந்த ஜலத்தின் அடியில் கிராமங்கள் கிடப்பதை நினைப்பவர் சிலரே. அக்கிராமங்களின் கதைதான், 2003-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’.

எழுத உட்காருமுன் கதைக்கு ஒரு திட்டம் அவசியமா என்று விவாதிப்பவர்கள் இந்நாவலைப் புரட்டிப் பார்க்கலாம். அணை வரும், ஊர் மூழ்கும் என்பது வாசகருக்கு முன்பே தெரிந்திருக்கிறபடியால், அடுத்து என்ன நடக்கும் என்னும் ஆவலை நம்பிப் பிழைக்க ஆசிரியருக்கு வழியில்லை. இழக்கப்போவது இன்னதென்று முன்கூட்டியே நிர்ணயித்து, அதன் அருமையை அத்தியாயந்தோறும் வளர்த்தாக வேண்டும். கதாநாயகரான பேயத்தேவர் வறண்ட பூமியில் கிணறு தோண்டுகிறார். பாறையும் வியர்வையுமாய் நீளும் அந்தப் பிரயாசை, தனியே நின்றால் வெறும் விவசாய வர்ணனை. வெள்ளம் வருமென்று அறிந்து வாசிக்கையிலோ நெஞ்சை அடைக்கிறது.

பாத்திரங்களின் ஜாதகத்தையே முன்னதாகக் கணித்து வைக்கும் பழக்கத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவருக்கு, அச்சேறிவிட்ட அத்தியாயத்தைத் திருத்தும் சுதந்திரம் கிடையாது; ஆகவே போய்ச் சேரும் இடத்தையாவது அவர் முன்பே அறிந்திருக்க வேண்டும். 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னைத் தொடராக எழுதிய கல்கிக்கோ, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையுண்ட சம்பவத்தைச் சரித்திரமே நிர்ணயித்துத் தந்திருந்தது, கொன்றவர் யார் என்ற சந்தேகத்தை மட்டும் அவர் கடைசிவரை கட்டிக் காத்தார்.