லாட்ஜ் அறையில் விற்கப்படும் பயம்

முதல் தேதி மதுரை, மூன்றாம் தேதி திருநெல்வேலி, ஐந்தாம் தேதி நாகர்கோவில். மாலைப் பத்திரிகையின் உள்பக்கத்தில் ஊர், லாட்ஜ் பெயர், அறை எண் என்று வரிசையாக இருக்கும். அதே சேதி பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரிலும் நோட்டீஸாக ஒட்டியிருக்கும்: நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக்குறைவு, சொப்பன ஸ்கலிதம், கைப்பழக்கத்தால் வந்த கோளாறு. லாட்ஜ் வைத்தியர் என்று ஒரு தொழிலே தமிழ்நாட்டில் இப்படித்தான் வளர்ந்தது. படியேறுகிறவர் தெரிந்த முகம் ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார். உள்ளே நாடி பார்ப்பார்கள். "ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க தம்பி" என்பார்கள். ஒரு மண்டலத்துக்கு லேகியமும் பொடியும் கட்டிக் கொடுப்பார்கள். பில் கேட்கும் துணிச்சல் யாருக்கும் வராது.

இந்த விளம்பரமே சட்டவிரோதம். ஆண்மைக்குறைவைத் தீர்ப்பதாகவோ, உடலுறவுத் திறனைக் கூட்டுவதாகவோ சொல்லி மருந்தை விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டம். முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. சட்டம் வந்து 70 வருடம் ஆகிவிட்டது; நோட்டீஸ் இன்னும் கிழியவில்லை.

அந்த அறைக்குப் போகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு நோயே கிடையாது. இன்னொரு பகுதியினருக்கு நோய் உண்டு, ஆனால் அது லேகியத்துக்குக் கட்டுப்படாத நோய்.

முதல் வகையினர் பெரும்பாலும் இளைஞர்கள். தூக்கத்தில் விந்து வெளியேறுகிறது, சிறுநீர் வெள்ளையாகப் போகிறது, அதனால் உடம்பு இளைத்துவிட்டது, படிப்பு ஏறவில்லை என்பார்கள். 1960-இல் இந்திய மனநல மருத்துவர் என்.என்.விக் இதற்கு 'தாது சிண்ட்ரோம்' என்று பெயரிட்டார். ஆயுர்வேதம் சொல்லும் ஏழு தாதுக்களில் கடைசியாக உருவாவது விந்து. சாப்பாடு ரத்தமாகி, ரத்தம் தசையாகி, கடைசியில் திரண்டு வரும் சாரம் என்று அதைக் கருதியதால், அது வீணானால் உயிரே வீணாகும் என்ற பயம் தலைமுறை தலைமுறையாக வந்தது.

இந்தப் பயம் நமக்கு மட்டும் உரியதும் இல்லை. ஸ்விட்சர்லாந்தின் டிஸ்ஸோ என்ற மருத்துவர் 18-ஆம் நூற்றாண்டில் சுய இன்பத்துக்கு எதிராக ஒரு புத்தகமே எழுதினார். 1 அவுன்ஸ் விந்தை இழப்பது 40 அவுன்ஸ் ரத்தத்தை இழப்பதைவிட மோசம் என்றார். ஐரோப்பா நெடுங்காலம் அதை நம்பியது. பிறகு கைவிட்டுவிட்டது.

ஒரு முறை வெளியாகும் விந்து ஒரு டீஸ்பூன்கூட இருக்காது. அதில் உயிரணுக்களின் பங்கு 2 முதல் 5 சதவீதம்தான்; மிச்சமெல்லாம் விந்துப்பையும் ப்ராஸ்டேட் சுரப்பியும் சேர்க்கும் திரவம். ஆண்கள் செய்துகொள்ளும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குப் பிறகும் விந்தின் அளவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைவதில்லை என்பதற்குக் காரணம் இதுதான். எச்சிலைப் போல அது ஊறிக்கொண்டே இருக்கும். சிறுநீர் கலங்கலாகத் தெரிவது பெரும்பாலும் அதிலுள்ள பாஸ்பேட் உப்பால்தான். எரிச்சலோ, சீழோ, புண்ணோ இருந்தால் மட்டும் கதை வேறு. அது பால்வினைத் தொற்றாக இருக்கலாம். பரிசோதித்து, மனைவிக்கும் சேர்த்தே சிகிச்சை எடுக்க வேண்டும். மனநல மருத்துவர் மாத்ருபூதம் விஜய் டிவியின் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் இந்த மாதிரி சந்தேகங்களுக்குச் சிரிக்கச் சிரிக்கப் பதில் சொன்னபோது, கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தவர்கள் ஏராளம்.

அடுத்தது விந்து முந்துதல். இதில் பாதிச் சிக்கல் கணக்கில் இருக்கிறது. அரை மணி நேரம் தாங்குவதுதான் இயல்பு என்று செல்போனில் பார்க்கும் படங்கள் சொல்லிக் கொடுக்கின்றன. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் நெதர்லாந்து, இங்கிலாந்து, ஸ்பெயின், துருக்கி, அமெரிக்கா ஆகிய 5 நாடுகளைச் சேர்ந்த 500 ஜோடிகள் கையில் ஸ்டாப்வாட்சோடு நேரத்தைக் குறித்தார்கள். நடு அளவாகக் கிடைத்தது 5.4 நிமிடம். பெரும்பாலும் 1 நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது, கட்டுப்படுத்த முடியவில்லை, அதனால் மனவருத்தமும் உண்டு என்றால்தான் மருத்துவர்கள் இதைக் குறைபாடு என்கிறார்கள். அதற்கும் வழி உண்டு. உச்சம் நெருங்கும்போது நிறுத்தி, அடங்கியதும் மறுபடி தொடங்கும் பயிற்சியை ஜேம்ஸ் செமன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1956-லேயே எழுதி வைத்தார். அது போதாதவர்களுக்கு டபாக்ஸிடின் போன்ற மாத்திரைகளும், உணர்ச்சியை மட்டுப்படுத்தும் களிம்புகளும் இருக்கின்றன.

இரண்டாவது வகையினரின் பிரச்சினை விறைப்பின்மை. இதில்தான் மிகுந்த கவனம் தேவை.

விறைப்பு என்றால் தசை முறுக்கேறுவது என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. ஆசை எழுந்ததும் மூளையிலிருந்து சேதி நரம்பு வழியாக இறங்குகிறது. ஆணுறுப்பின் ரத்தக்குழாய்களில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு உருவாகி, அங்குள்ள தசையைத் தளர்த்துகிறது. தசை தளர்ந்தால்தான் ரத்தம் பாய்ந்து உள்ளே இருக்கும் இரண்டு பஞ்சுக் குழல்களும் நிரம்பும். நிரம்பிய குழல்கள் ரத்தம் வெளியேறும் சிரைகளை அழுத்திக்கொள்ளும். நரம்பு, ரத்தக்குழாய், ஹார்மோன், மனசு ஆகிய நான்கில் எது பழுதானாலும் காரியம் கெடும்.

ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்தின் ரத்தக்குழாய் 3 முதல் 4 மில்லிமீட்டர். கொழுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படியும்போது, ஒடுங்கிய குழாய்தானே முதலில் அடைபடும்? இதய நோய் உள்ள ஆண்கள் பலருக்கு நெஞ்சுவலி வருவதற்கு 2 முதல் 5 ஆண்டுகள் முன்பே விறைப்பில் கோளாறு தென்படுவது இதனால்தான். சர்க்கரை நோய் ரத்தக்குழாய், நரம்பு இரண்டையுமே கெடுக்கிறது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. படுக்கையறைக் கோளாறு என்று நினைத்துப் போய், சர்க்கரை இருப்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொள்கிறவர்களும் உண்டு. லாட்ஜ் அறையில் கழிகிற ஒரு மண்டலம் இவர்களுக்குத்தான் உண்மையான நஷ்டம்.

எல்லாருக்கும் காரணம் ரத்தக்குழாய்தான் என்றும் சொல்லிவிட முடியாது. ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில் ஒரு இரவுக்கு 3 முதல் 5 முறை தானாகவே விறைப்பு வரும். விடிகாலையில் அது வழக்கம்போல இருந்து, மனைவியுடன் இருக்கும்போது மட்டும் வராமல் போனால், குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கின்றன என்று அர்த்தம். முதலிரவுப் பதற்றம், கடன், வேலை போன கவலை, ஒரு முறை தோற்றதால் அடுத்த முறை வரும் பயம் என்று மனம் சார்ந்த காரணங்களைத் தேட வேண்டியிருக்கும்.

வயாகரா வந்த கதையிலும் இதயம் இருக்கிறது. இங்கிலாந்தின் சாண்ட்விச் ஊரில் இருந்த ஃபைசர் ஆய்வுக்கூடத்தில் சில்டெனாஃபில் நெஞ்சுவலி மருந்தாகத்தான் சோதிக்கப்பட்டது. நெஞ்சுவலிக்குப் பெரிதாகப் பலன் இல்லை. சோதனைக்கு வந்த ஆண்கள் வேறு ஒரு மாற்றத்தைச் சொன்னார்கள். 1998 மார்ச்சில் அமெரிக்கா அதை அனுமதித்தது. அதே வருடம், ரத்தக்குழாயில் நைட்ரிக் ஆக்சைடு செய்யும் வேலையைக் கண்டுபிடித்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மாத்திரை ஆசையை உண்டாக்காது. ஆசை வந்த பிறகு ரத்தம் தங்க உதவும், அவ்வளவுதான். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரையோடு இது சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். 'மூலிகை' என்று பெயரிட்டு விற்ற பல மருந்துகளில் இதே சில்டெனாஃபில் ஒளிந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. மூலிகைதானே என்று விழுங்குகிற இதய நோயாளிக்கு, தான் எதை விழுங்குகிறோம் என்றே தெரியாது.

குழந்தையின்மை தனிக்கதை. விறைப்பு நன்றாக இருப்பவருக்கும் உயிரணு குறைவாக இருக்கலாம். தம்பதிக்குக் குழந்தை தங்காத நேரங்களில் ஏறக்குறைய பாதியில் ஆணின் பங்கும் உண்டு. இருந்தும் முதலில் ஸ்கேனுக்குப் போவது மருமகள்தான். ஜிம்மில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் உடம்பை ஏற்றிக்காட்டி, உயிரணு உற்பத்தியை அடியோடு குறைத்துவிடும் என்பது பல இளைஞர்களுக்குத் தெரியாது.

சர்க்கரை நோய் மருத்துவர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போன ஒன்று. ஐம்பது வயதுக்காரர் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு, கதவுவரை போய், கைப்பிடியில் கை வைத்தபடி திரும்புவார். "சார், இன்னொரு விஷயம்..." விவரம் தெரிந்த மருத்துவர் அவரை மறுபடி உட்கார வைப்பார். எத்தனை நாளாக, விடிகாலையில் எப்படி, சிகரெட் உண்டா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்பார். பிபி மாத்திரையால்தான் இப்படி ஆகிறதோ என்று நினைத்துத் தானாக நிறுத்திவிட்டாரா என்பதையும் விசாரிப்பார். சில பிபி மாத்திரைகளுக்கு அந்தப் பக்கவிளைவு உண்டு, ஆனால் மாற்ற வேண்டியது மருத்துவர்தான். பிறகு சீட்டில் எழுதுவார்: மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, கொழுப்பு, இ.சி.ஜி., காலை வேளையில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் அளவு. தேவைப்பட்டால் யூராலஜி பிரிவுக்கு ஒரு கடிதம்.

"வீட்டம்மாவுக்குத் தெரிய வேண்டாமே சார்" என்று அவர் தயங்குவார்.

"அவங்களுக்கு ஏற்கெனவே தெரியுமே. அடுத்த தடவை வரும்போது கூட்டிட்டு வாங்க" என்பார் மருத்துவர்.