பேட்டரியைக் குடித்தது யார்?

போன வாரம் வரை லேப்டாப் நன்றாகத்தான் இருந்தது. ஒரு தடவை சார்ஜ் செய்தால் ஐந்து மணி நேரம் ஓடும். இன்று இரண்டே மணி நேரத்தில் படுத்துவிட்டது!

பல வீடுகளில் இதே கதைதான். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்.

அப்பா தையல்காரர். மகள் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். மகன் பத்தாம் வகுப்பு. வீட்டுக்கு ஒரே லேப்டாப். இரண்டு வருடங்களுக்கு முன்பு தவணையில் வாங்கியது.

திங்கட்கிழமை மகளுக்கு நேர்முகத் தேர்வு. லேப்டாப்பில் முகம் பார்த்துப் பேசும் தேர்வு. அந்தத் தெருவில் கரண்டு போனால் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாதிப் பேச்சில் லேப்டாப் அணைந்தால்? வேலை போச்சு!

"பேட்டரி கெட்டுவிட்டது, அப்பா! புதிது மாற்ற வேண்டும்" என்றாள் மகள்.

"எவ்வளவு ஆகும் அம்மா?"

"மூவாயிரம் ஆகும் என்கிறார்கள்."

அப்பா பதில் பேசவில்லை. தையல் மெஷின் பெட்டியைத் திறந்து பார்த்தார். அதில் இருந்தது வீட்டு வாடகைப் பணம்.

பொறுங்கள்! அந்தப் பணத்தை எடுப்பதற்கு முன்பு ஒரு சோதனை செய்ய வேண்டும்.

குடமா? ஓட்டையா?

வீட்டில் ஒரு குடம் தண்ணீர் இருக்கிறது. தினமும் மாலை வரை வரும். இன்று நடுப்பகலிலேயே தீர்ந்துவிட்டது. ஏன்? ஒன்று, குடம் சிறிதாகி இருக்க வேண்டும். அல்லது யாரோ அதிகமாகக் குடித்திருக்க வேண்டும். குடம் ஒரே நாளில் சிறிதாகுமா?

லேப்டாப்பும் அப்படித்தான். சாதாரண லேப்டாப் பேட்டரி ஒன்றில் 40 வாட்-மணி மின்சாரம் அடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் 8 வாட் செலவு செய்தால் ஐந்து மணி நேரம் ஓடும். அதே லேப்டாப் 20 வாட் செலவு செய்தால் இரண்டு மணி நேரம்தான் ஓடும். பேட்டரி அதேதான். செலவுதான் கூடிவிட்டது!

பேட்டரிக்கு வயது ஆவது உண்மை. இன்றைய லேப்டாப்புகளில் இருப்பது லித்தியம் பேட்டரி. 1991-ல் கடைக்கு வந்தது. இதை உருவாக்கிய குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்எனஃப்புக்கு வயது 97! நோபல் பரிசு பெற்றவர்களில் அவர்தான் மூத்தவர்.

சார்ஜ் ஏறும்போதும் இறங்கும்போதும் லித்தியம் அணுக்கள் பேட்டரிக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருகின்றன. ஒவ்வொரு நடைக்கும் கொஞ்சம் அணுக்கள் வழியில் மாட்டிக்கொள்கின்றன. அவை திரும்பி வேலைக்கு வருவதில்லை. சில நூறு தடவை சார்ஜ் ஆன பிறகு குடம் ஐந்தில் ஒரு பங்கு சிறிதாகிவிடும். ஆனால் இது தலை நரைப்பது போல. மெல்ல மெல்லத்தான் நடக்கும்.

எனவே, திடீர் என்று குறைந்தால் முதலில் பேட்டரியைச் சந்தேகப்படக் கூடாது. குடித்தவனைத் தேட வேண்டும்!

லேப்டாப்பே சாட்சி சொல்லும்

குடம் சிறிதாகிவிட்டதா, இல்லையா? இதை லேப்டாப்பே சொல்லும். கடைக்குப் போக வேண்டாம். காசும் வேண்டாம்.

விண்டோஸ் லேப்டாப்பில் "ஸ்டார்ட்" பொத்தானை மவுசின் வலப்பக்கப் பொத்தானால் அமுக்குங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் "டெர்மினல்" என்பதைத் திறங்கள். "பவர்" என்ற ஆங்கிலச் சொல்லையும், அதோடு ஒட்டி சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துக்களையும் தட்டுங்கள். ஓர் இடம் விடுங்கள். பிறகு ஒரு சாய்கோடு. (கேள்விக்குறி இருக்கும் பொத்தானிலேயே இது இருக்கிறது). அதை ஒட்டி "பேட்டரி", "ரிப்போர்ட்" என்ற இரண்டு சொற்களையும் இடம் விடாமல் ஆங்கிலத்தில் தட்டி, "என்டர்" கொடுங்கள். அறிக்கை தயார்! அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் லேப்டாப் காட்டும். ஆப்பிள் லேப்டாப்பில் இவ்வளவு வேலை இல்லை. "செட்டிங்ஸ்" போய், "பேட்டரி" பகுதியைப் பார்த்தால் போதும்.

அறிக்கையில் இரண்டு எண்களைப் பாருங்கள். "டிசைன் கெப்பாசிட்டி" என்பது பேட்டரி பிறந்தபோது இருந்த அளவு. "ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி" என்பது இன்றைய அளவு.

தையல்காரர் வீட்டில் மகள் பார்த்தாள். பிறந்தபோது 42,000. இன்று 38,000. நூற்றுக்கு தொண்ணூறு அப்படியே இருக்கிறது! குடத்தில் குறை இல்லை.

அப்பா பெட்டியை மூடினார்.

திருடன் பிடிபட்டான்!

அடுத்து, குடித்தவனைத் தேடும் வேலை. "கன்ட்ரோல்", "ஷிஃப்ட்", "எஸ்கேப்" ஆகிய மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அமுக்கினாள். "டாஸ்க் மானேஜர்" வந்தது. லேப்டாப்புக்குள் அந்த நேரத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று காட்டும் வருகைப் பதிவேடு அது. "சிபியு" என்ற தலைப்பை அமுக்கினால் அதிகம் உழைப்பவன் பெயர் மேலே வரும்.

மேலே வந்த பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. ஏதோ ஒரு விளையாட்டு!

மகள் திரும்பிப் பார்த்தாள். தம்பியைக் காணோம்.

நடந்தது இதுதான். பையன் போன ஞாயிற்றுக்கிழமை ரகசியமாக ஒரு விளையாட்டை ஏற்றி இருக்கிறான். விளையாடி முடித்து மூடியும் விட்டான். ஆனால் அது மூடவில்லை! லேப்டாப் திறக்கும் போதெல்லாம் அதுவும் எழுந்து, திரைக்குப் பின்னால் வேலை செய்துகொண்டே இருந்தது. அதே "டாஸ்க் மானேஜரில்" உள்ள "ஸ்டார்ட்அப்" பகுதிக்குப் போய் அதை நிறுத்தினாள். லேப்டாப்பை "ரீஸ்டார்ட்" செய்ததும் விசிறியின் இரைச்சல் அடங்கியது.

எல்லா வீட்டிலும் தம்பி இருக்க மாட்டான். இணையம் பார்க்கும்போது இருபது பக்கங்களைத் திறந்து போட்டிருப்பார்கள். அதில் ஒன்றில் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். திரையின் வெளிச்சம் முழுதாக ஏறி இருக்கும். திரைதான் பெரிய குடிகாரன்! விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட மறுநாளும் செலவு கூடும். அது பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாகவே அடங்கும்.

மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கும். அவ்வளவுதான். பல விண்டோஸ் லேப்டாப்புகளில் "ஷட் டவுன்" கொடுத்தாலும் பழைய நினைவில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளும். "ரீஸ்டார்ட்" கொடுத்தால்தான் முழுதாகத் துடைத்துவிட்டு எழும். வேறு எதுவும் செய்யும் முன்பு அதை ஒரு முறை செய்து பார்க்கலாம்.

மெத்தை மேல் வைக்காதீர்கள்

மெத்தை, தலையணை மேல் லேப்டாப்பை வைப்பார்கள். காற்றுத் துவாரம் அடைபட்டுவிடும். சூடு ஏறும். விசிறி ஓயாமல் சுற்றும். அன்றைய சார்ஜும் போகும். பேட்டரியின் ஆயுளும் குறையும். சூடுதான் லித்தியத்துக்கு எமன்.

"முழுதும் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்" என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. அது பழைய நிக்கல் பேட்டரிக்குச் சொன்ன வைத்தியம். லித்தியத்துக்குப் பொருந்தாது. நாள் முழுதும் சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப் என்றால், 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி பலவற்றில் இருக்கிறது. அதைப் போட்டு வைப்பது நல்லது.

இது ஆபத்து!

அறிக்கையில் இன்றைய எண் பாதிக்குக் கீழே இருந்தால், அப்போது பேட்டரி மாற்றத்தான் வேண்டும். 30 சதவீதம் காட்டும்போதே பொசுக்கென்று அணைந்தாலும் சந்தேகம்தான். ஒரு முறை முழுதாகச் சார்ஜ் செய்து, தானாக அணையும் வரை ஓட்டி, மறுபடி முழுதாகச் சார்ஜ் செய்தால், கணக்குத் தவறிய மானி திருந்தும். திருந்தவில்லையா? பேட்டரிக்குள் இருக்கும் அறைகளில் ஒன்று கெட்டிருக்கலாம்.

இன்னொரு அடையாளம் உண்டு. லேப்டாப்பின் அடிப்பாகம் புடைத்திருக்கும். விரலால் தடவும் பட்டை மேலே தூக்கி நிற்கும். மூடி சரியாக மூடாது. உள்ளே பேட்டரி வீங்கிவிட்டது!

உடனே சார்ஜரைக் கழற்றுங்கள். லேப்டாப்பை அணையுங்கள். வீக்கத்தை அமுக்கக் கூடாது. ஊசியால் குத்தவே கூடாது. குத்தினால் தீப்பிடிக்கும். பிள்ளைகளின் கைக்கு எட்டாமல், துணிமணி பக்கத்தில் இல்லாமல் வைத்து, பழுது பார்ப்பவரிடம் கொண்டு போக வேண்டும். லித்தியம் தீப்பிடிப்பது விளையாட்டு அல்ல. 2006-ல் தீ அபாயத்துக்காக டெல் கம்பெனி 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது.

புது பேட்டரி வாங்கும்போது, லேப்டாப்பின் மாடல் எண்ணைச் சொல்லிப் பொருத்தமானதை வாங்குங்கள். பழையதைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். புதிது விற்ற கடையிலேயே கேளுங்கள். பழைய பேட்டரிகளைச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது 2022-ல் வந்த இந்திய அரசின் விதிகள் சுமத்துகின்றன.

தையல்காரர் வீட்டில் அந்த வேலை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் சோதித்துப் பார்த்தாள். சார்ஜரைக் கழற்றிவிட்டுக் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தாள். பிற்பகல் இரண்டரை மணிக்கும் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது.

மாலையில்தான் தம்பி வீடு திரும்பினான்.