கள்ளுண்ணாமையும் பொருட்பாலும்

திருவள்ளுவர் புலால் மறுத்தலைத் துறவறவியலில் வைத்தார். கள்ளுண்ணாமையையோ பொருட்பாலில், வரைவின் மகளிர்க்கும் சூதுக்கும் நடுவே, 93 ஆம் அதிகாரமாக அமைத்தார். பஞ்சமாபாதகங்களுள் ஒன்றெனப்படுவதை அறத்துப்பாலிற் சேர்க்காதது ஏன்? குடி முதற்கண் விழுங்குவது வீட்டுப் பொருளை என்பதனாற் போலும்.

எமது வகுப்பிற் கொப்பியின்றித் தலைகுனிந்து நின்றான் ஒரு மாணவன். தந்தையார் நாட்கூலியைச் சாராயத்துக்கே இறைத்துவிடுவார். இழப்பு கொப்பியோடு நின்றதா? தந்தை பெயரைச் சொல்லவும் அவன் கூசினான். மது முதலில் மயக்குவது நன்று தீது தெரியும் அறிவை. அறிவு மயங்கினார்க்கு வழிபாட்டில் மனம் ஒருமைப்படுதல் எங்ஙனம்?

1912 இல் மதுவரிச் சட்டத்தின்பின் கள்ளுத் தவறணைகள் பெருகியபோது, இலங்கையில் மதுவிலக்கு இயக்கம் கிளர்ந்தெழுந்தது. ஆயினும் மதுவரி இன்றளவும் அரசிறைக்குப் பெருவருவாயே. அம்மாணவனின் கொப்பிக் காசும் அதனுள் அடங்கும். மறுதவணை அவன் வரவில்லை.