காலி லாரியும் 41 கிலோவும்

மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவருடைய பேத்தி கனடாவில், வான்கூவருக்குப் பக்கத்தில் இருக்கிறாள். வயது 13. கோடை விடுமுறை வந்தால் விஸ்லர் மலைக்குப் போய், சைக்கிளோடு ரோப்காரில் ஏறி மேலே போகிறாள். அங்கிருந்து மரவேர், பாறை, பள்ளம் எல்லாவற்றையும் தாண்டி அடிவாரம் வரை இறங்குகிறாள். 'டவுன்ஹில்' என்று இதற்குப் பெயர். வீடியோவைப் பார்த்த பாட்டிக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. இப்போது பேத்தியே தளர்ந்துபோய்ப் பேசுகிறாளாம். கை மரத்துப்போகிறது, சைக்கிள் உதறுகிறது, என் உடம்பில் அவ்வளவு பலம் இல்லை போலிருக்கிறது என்கிறாளாம். "விடச் சொல்லவா, தொடரச் சொல்லவா? முதலில், இது பெண் பிள்ளைகளுக்கு ஏற்ற விளையாட்டுதானா?" என்று கேட்கிறார்.

கடிதத்தில் போகிறபோக்கில் இன்னொரு தகவலும் இருந்தது. அந்தச் சைக்கிள் புதிதல்ல. பக்கத்து வீட்டுக்காரர், நல்ல வாட்டசாட்டமான மனிதர், இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு மலிவாகக் கொடுத்தது. பேத்தியின் எடை 41 கிலோ. என் கண் அந்த இரண்டு வரியிலேயே நின்றுவிட்டது. அதற்கு வருகிறேன். முதலில் கடைசிக் கேள்வி.

பெண்கள் இந்த விளையாட்டுக்குப் புதியவர்கள் அல்ல. 1976 அக்டோபர் 21 அன்று, கலிபோர்னியாவின் மரின் கவுன்டியில் சில நண்பர்கள் பழைய கனத்த சைக்கிள்களை ஒரு மலைப்பாதையின் மேல்முனைக்குக் கொண்டுபோய், ஒவ்வொருவராக இறங்கி, கடிகாரத்தில் நேரம் குறித்துக்கொண்டார்கள். சுமார் 2 மைல் தூரத்தில் 1300 அடி இறக்கம். அந்தச் சைக்கிள்களில் பிரேக் பின்சக்கர ஹப்புக்குள்ளேயே இருக்கும். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கும். கீழே வந்து சேர்வதற்குள் ஹப் கொதித்து, உள்ளே இருக்கிற கிரீஸ் புகையாகப் போய்விடும். மறுபடி இறங்க வேண்டுமானால் ஹப்பைக் கழற்றிப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது.

கும்பகோணத்தில் என் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ஓவராயில் வேலை வந்தால், மண்ணெண்ணெய் ஊற்றிய தகர டப்பாவில் பால்ரஸ் குண்டுகளைப் போட்டு அலசுவது என் வேலை. அப்பா ஹப் கிண்ணத்துக்குள் சுண்டுவிரலால் கிரீஸைத் தடவி, குண்டுகளை ஒவ்வொன்றாக அதில் பதிப்பார். ஒரு சைக்கிளுக்கு வருஷத்துக்கு ஒருமுறை நாங்கள் செய்த அந்த வேலையை, அந்த மலையில் ஒரே ஒரு இறக்கத்துக்கு ஒருமுறை செய்தார்கள் என்று படித்தபோதுதான் அதன் சரிவு எனக்கு உறைத்தது.

அந்தக் கூட்டத்தில் வெண்டி கிராக் என்ற பெண் இருந்தார். 20 கிலோவுக்கு மேல் கனத்த அதே மாதிரிச் சைக்கிளில் அவரும் இறங்கினார், கேமராவும் கையுமாக. அந்த ஆரம்ப நாட்களைக் காட்டுகிற படங்களில் பெரும்பாலானவை அவர் எடுத்தவை. 1990இல் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் மலைச் சைக்கிளுக்கான முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டி நடந்தபோதே பெண்களுக்கும் டவுன்ஹில் பட்டம் இருந்தது. கனடாவின் சிண்டி டெவைன் வென்றார். பிரான்ஸின் ஆன்-கரோலின் ஷோசோன் பெரியவர்கள் பிரிவில் 9 முறை உலகப் பட்டம் வாங்கினார். பிரிட்டனின் ரேச்சல் ஆதர்டன் 2016இல் உலகக் கோப்பைச் சுற்று ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்காமல், உலகப் பட்டத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் வென்றார். பிறகு ஒரு பெண் குழந்தைக்குத் தாயாகி, 2023இல் திரும்பி வந்து சுவிட்சர்லாந்தின் லென்சர்ஹைடே மலையில் மறுபடியும் முதலிடம் பிடித்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் சில கதவுகள் மிகத் தாமதமாகத்தான் திறந்தன. யூட்டா மாநிலத்தின் செம்மண் செங்குத்துகளில் 2001இல் தொடங்கிய 'ரெட் புல் ராம்பேஜ்' போட்டியில் பெண்களுக்கென்று தனிப்பிரிவு வந்தது 2024இல்தான். நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் வளர்ந்து, ராணுவத்தில் வேலை பார்த்த ராபின் கூம்ஸ் அதை வென்றார். ஓட்டத்தின் நடுவே அந்தரத்தில் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு இறங்கினார். 23 வருஷம் காத்திருக்க வைத்தவர்கள் அன்று என்ன நினைத்தார்கள் என்று அறிய எனக்கு ஆசை.

இந்த விளையாட்டில் சின்னப் பிள்ளைகள் பெருகியதற்குக் காரணம் வேறு. பனிச்சறுக்கு மலைகள் கோடையில் சும்மா கிடந்தன. ரோப்கார் இருந்தது, ஆள் இல்லை. அங்கே சைக்கிளுக்குப் பாதை வெட்டினார்கள். முதலில் வேரும் பாறையுமாகக் கரடான பாதைகள். பிறகு மண் வெட்டும் இயந்திரத்தால் அலையலையாகச் செதுக்கி, வளைவுகளில் வெளிப்புறத்தை உயர்த்திக் கட்டிய வழவழப்பான பாதைகள். அங்கே உடல் பலத்தைவிட உடம்பைச் சாய்க்கிற நேரம்தான் முக்கியம். பச்சை, நீலம், கறுப்பு என்று கடினத்துக்குத் தகுந்த நிறப்பலகை. விஸ்லருக்குப் போகிற வழியில் ஸ்குவாமிஷ் என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து ஜாக்சன் கோல்ட்ஸ்டோன் என்ற சிறுவன் பாலர் வகுப்புக்கு முதல் நாள் சைக்கிளில் தாவித் தாவிப் போன வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. 2021இல் அவன் இளையோர் உலகப் பட்டம் வாங்கினான். ஆஸ்திரியாவின் வாலி ஹோல் 2018, 2019 இரண்டிலும் இளையோர் பட்டம் வாங்கி, 2022லிருந்து வரிசையாகப் பெரியவர்கள் பட்டத்தையும் எடுத்துக்கொண்டார்.

இனி இயந்திரம். சைக்கிள் எப்படி ஓடுகிறது என்று இந்தப் பத்தியின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டவுன்ஹில் சைக்கிளில் சக்கரம் இரண்டும் ஏறத்தாழ 200 மில்லிமீட்டர், அதாவது ஒரு சாண் அளவு, மேலும் கீழும் அசையும். டயர் தடிமன், டிஸ்க் பிரேக் பெரிது, ஃபோர்க் மோட்டார் சைக்கிளுடையதுபோல முன்னே சரிந்திருக்கும். என்னைப் பிடித்து இழுப்பது அந்த ஒரு சாண்தான்.

சின்ன வயதில் மாமாவின் லாரியில் நெல் மூட்டைகளோடு திருச்சி வரை போயிருக்கிறேன். போகும்போது தொட்டில் மாதிரி இருக்கும், தூங்கிவிடுவேன். திரும்பும்போது காலி லாரி. அதே சாலை, அதே டிரைவர். ஆனால் ஒவ்வொரு குழியிலும் தூக்கித் தூக்கிப் போடும், பல் கிடுகிடுக்கும். லாரியின் ஸ்பிரிங் பட்டைகள் சுமைக்காகச் செய்யப்பட்டவை. சுமை இல்லாவிட்டால் அவை வளையவே வளையாது. நகரப் பேருந்தில் கூட்டமில்லாத நேரம் கடைசி இருக்கையில் உட்கார்ந்தவர்களுக்கும் இது தெரியும்.

இந்த ஃபோர்க்கில் ஸ்பிரிங்காக வேலை செய்வது உள்ளே அடைத்த காற்று. 80 கிலோ மனிதருக்காகக் காற்று அடைத்த ஃபோர்க்கில் 41 கிலோச் சிறுமி ஏறினால் அவள் ஓட்டுவது காலி லாரியை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆள் ஏறி நின்றதுமே ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கியாக வேண்டும். 'சேக்' என்கிறார்கள், தமிழில் அமிழ்வு எனலாம். முன்னால் அந்தச் சாணில் ஐந்தில் ஒரு பங்கு, பின்னால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மேட்டுக்கு அமுங்கத்தானே ஸ்பிரிங், முன்கூட்டியே ஏன் அமுங்க வேண்டும் என்று தோன்றும். பாதையில் மேடு மட்டுமா இருக்கிறது? பள்ளமும் இருக்கிறது. பள்ளம் வரும்போது சக்கரம் கீழே நீண்டு தரையைத் தொட்டுக்கொண்டே போக, அமிழ்ந்த தூரம் கைவசம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பள்ளத்தின்மேல் டயர் அந்தரத்தில் போகும். தரையைத் தொடாத டயர் திரும்பாது, பிரேக்கும் பிடிக்காது.

அமிழ்வு எவ்வளவு என்று கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஒரு சின்ன ரப்பர் வளையம் மாட்டியிருக்கும். அதைக் கீழே தள்ளிவைத்துவிட்டு, முழு உடுப்போடு ஏறி நின்று, துள்ளாமல் இறங்கினால், எவ்வளவு அமிழ்ந்தது என்று வளையம் நின்ற இடமே சொல்லும். 200 மில்லிமீட்டர் ஃபோர்க்கில் 40 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

காற்றைக் குறைத்தால் தீர்ந்தது என்று நினைத்தால், அடுத்த சிக்கல் உள்ளே ஒளிந்திருக்கிறது. அமுங்கிய ஸ்பிரிங் படாரென்று எழும்பினால் ஆளை எறிந்துவிடும். அதைத் தடுக்க, எண்ணெயைச் சிறு துளைகள் வழியாக நெருக்கி விடுகிற ஏற்பாடு ஒன்று உண்டு. காற்றைக் குறைத்தால் ஸ்பிரிங்கின் உந்தல் குறைகிறது. எண்ணெயின் தடை மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே ஃபோர்க் மெதுவாகத்தான் எழும்பும். படிக்கட்டில் இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் முழங்காலை மடக்கிவிட்டு, நிமிர்வதற்குள் அடுத்த படிக்குப் போய்க்கொண்டே இருந்து பாருங்கள். ஆறாவது படியில் மடக்க முழங்காலே மிச்சமிருக்காது. வரிசையாக மரவேர்கள் வரும் இடத்தில் அந்த ஃபோர்க்குக்கு நடப்பதும் அதுதான். ஒவ்வொரு வேருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, கடைசியில் இரும்புத் தடியாகிவிடுகிறது. மீதி அடி முழுவதும் மணிக்கட்டுக்குப் போகிறது. எண்ணெய்த் தடையைக் குறைக்கத் திருகு உண்டு. ஆனால் அந்தத் திருகு எங்கிருந்து எங்கே வரை திரும்ப வேண்டும் என்று தீர்மானித்தவர் மனதில் இருந்தது நடுத்தர எடையுள்ள ஆண். முழுக்கத் திறந்துவிட்டாலும் 41 கிலோவுக்கு அது போதாமல் போகலாம். அப்போது உள்ளே பிரித்து, எண்ணெயையோ மெல்லிய தகட்டு வளையங்களையோ மாற்ற வேண்டும்.

இந்தச் சிக்கலைக் கவனித்தவர்களும் உண்டு. 1990இல் 'கிராஸ்-கன்ட்ரி' மலைச் சைக்கிள் பந்தயத்திலும் 1992இல் டவுன்ஹில்லிலும் உலகப் பட்டம் வாங்கியவர் ஜூலி ஃபர்டாடோ. அவர் பெயரால் 'ஜூலியானா' என்று ஒரு சைக்கிள் வரிசை வந்தது. அதன் சட்டகம் தாய் நிறுவனத்தின் மற்ற சைக்கிள்களுடையதேதான். பெரிதாக மாற்றியது எடை குறைந்தவருக்கு ஏற்ற எண்ணெய்த் தடையைத்தான். பெண்களுக்கென்று இளஞ்சிவப்புச் சாயம் அடித்து விற்ற எத்தனையோ சைக்கிள்களைவிட, வெளியே கண்ணுக்குத் தெரியாத இந்த ஒரு மாற்றம் எனக்குப் பெரிய மரியாதையாகப் படுகிறது.

எத்தனை சிறுமிகள் இரும்புத் தடியாகிப்போன ஃபோர்க்கோடு மல்லுக்கட்டிவிட்டு, குறை தன் கையில் இருக்கிறது என்று நம்பி இறங்கிப் போயிருப்பார்கள்! அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அப்பாவின் கடையில் 14 சைக்கிள்கள் இருந்தன. அதில் அரை சைக்கிள் இரண்டே இரண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் ஓடிவந்து அந்த இரண்டையும் எடுத்துக்கொள்வார்கள். பெண் பிள்ளைகள் வருவதற்குள் பெரிய சைக்கிள்தான் மிச்சமிருக்கும். பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட வேண்டும், பாவாடை செயினில் சிக்கும், விழுவார்கள், மறுநாள் வரமாட்டார்கள். 'பொம்பளப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் வராது' என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஒரு தீபாவளிக்கு அப்பா மூன்றாவதாக ஓர் அரை சைக்கிள் வாங்கினார். செயினுக்கு முழு மூடி போட்டு, சீட்டைக் கடைசிவரை இறக்கி, "இது பொண்ணுங்களுக்கு மட்டும்" என்று பலகையில் எழுதி வைத்தார். பொங்கலுக்குள் அந்த ஒரு சைக்கிளுக்கு நோட்டுப் போட்டு முறை எழுத வேண்டியதாகிவிட்டது.

நம் ஊரில் இன்றும் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்குவது பள்ளிச் சீருடை தைப்பது மாதிரிதான். வளரும் பிள்ளை, இரண்டு வருஷம் வரட்டும் என்று ஓர் அளவு பெரிதாக எடுக்கிறோம். பெரிய சட்டையால் ஆபத்தில்லை. பிரேக் லீவருக்கு விரல் எட்டாத சைக்கிளால் ஆபத்து உண்டு. கடைகளில் நடுவே தடித்த ஸ்பிரிங் வைத்த சைக்கிள்களையும் பார்க்கிறேன். பிள்ளை ஏறி உட்கார்ந்தால் அந்த ஸ்பிரிங் ஒரு நூலளவும் அமுங்குவதில்லை. கூடுதல் எடையைச் சுமந்து பிள்ளைதான் மிதிக்கிறது. வாங்கும்போது பிள்ளையை ஏற்றி, ஸ்பிரிங் அசைகிறதா, ஆள்காட்டி விரல் லீவரில் பதிகிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிஷ வேலை.

அந்த வாசகிக்கு நான் எழுதிய பதில் இது: அம்மா, ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். காறை எலும்பு முறியும், மணிக்கட்டு முறியும், தலையில் அடிபடும். முகம் முழுதும் மூடுகிற ஹெல்மெட் கட்டாயம். பலமாக ஒருமுறை தலை மோதினால், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் அந்த ஹெல்மெட்டை மாற்றிவிட வேண்டும். உள்ளே இருக்கிற நுரைப்பஞ்சு ஒரு தடவைதான் நசுங்கிக் காப்பாற்றும். ஆனால் விடச் சொல்வதற்கு முன் அவளிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ரப்பர் வளையம் எங்கே நிற்கிறது? பிரேக்கை எத்தனை விரலால் பிடிக்கிறாள்?

இந்தப் பத்தி அச்சுக்குப் போகும் முன் அவரிடமிருந்து பதில் வந்துவிட்டது. வளையம் 14 மில்லிமீட்டரில் நின்றதாம். பிரேக்குக்கு மூன்று விரல். கைப்பிடியைப் பிடிக்க மிச்சம் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான். லீவரில் இருக்கிற சின்னத் திருகைத் திருப்பி உள்ளே கொண்டுவந்தபின் ஆள்காட்டி விரல் ஒன்றே போதுகிறதாம். ஃபோர்க்கில் காற்றை இறக்கி 40க்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். எண்ணெய்த் திருகு ஏற்கெனவே முழுக்கத் திறந்துதான் இருந்ததாம். அதனால் உள்ளே எண்ணெய் மாற்றவும், பின்பக்க ஸ்பிரிங்கை அவள் எடைக்கு மாற்றவும் கடையில் விட்டிருக்கிறார்கள், வியாழக்கிழமை கிடைக்கும். காற்று இறங்கும்போது 'உஸ்ஸ்' என்று வந்த சத்தத்தைப் பேத்தி வீடியோ எடுத்து அனுப்பினாளாம். அதை மூன்று தடவை பார்த்தேன் என்று எழுதியிருக்கிறார்.