குரங்கு மலேரியாவுக்குப் பனடோல் போதாது!

காட்டோரத் தோட்டங்களில் பால் வெட்டும், செம்பனைக் குலை அறுக்கும் நம்மவர்கள் காய்ச்சல் வந்தால் என்ன செய்கிறார்கள்? "ரெண்டு பனடோல் போட்டா சரியாப் போயிடும், ஒருநாள் சம்பளத்த ஏன் விடணும்?" என்று மறுநாளும் பெரட்டில் போய் நிற்கிறார்கள். குரங்கு மலேரியாவிடம் இந்தக் கணக்கு செல்லாது. மற்ற மலேரியாக் கிருமிகள் இரத்தத்தில் பெருக இரண்டு, மூன்று நாள் எடுக்கும். இது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும்.

குரங்குக்கு வருவது மனிதனுக்கு வருமா என்று கேட்கலாம். 1965-இல் பகாங் காட்டில் வேலை செய்து திரும்பிய ஓர் அமெரிக்கருக்கு இது முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஏதோ அபூர்வம் என்று விட்டுவிட்டார்கள். பிறகு சரவாக், காப்பிட் வட்டாரத்தில் பேராசிரியர் பல்பீர் சிங் குழுவினர் 208 மலேரியா நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து, 120 பேருக்கு இருந்தது குரங்குக் கிருமிதான் என்று 2004-இல் அறிவித்தார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் சாதாரண மலேரியாவைப் போலவே தெரிந்ததால் அதுவரை ஏமாந்திருக்கிறார்கள்! 2018-இல் மலேசியாவில் உள்ளூரில் தொற்றிய மனித மலேரியா ஒன்றுகூடப் பதிவாகவில்லை. அதே ஆண்டில் குரங்கு மலேரியா கண்டவர்களோ 4,000-க்கும் அதிகம்.

இதைக் கேட்டு "கொரங்கச் சுட்டுத் தள்ளுங்க" என்று கிளம்பிவிடாதீர்கள். குரங்கைத் தொட்டால் இது ஒட்டாது. குரங்கைக் கடித்த காட்டுக் கொசு நம்மையும் கடித்தால்தான் வரும். பொழுது சாய்ந்தபின் வெளியில் கடிக்கிற கொசு அது. வீட்டுக்குள் கொசுவலை கட்டினால் மட்டும் போதாது. அந்நேரம் காட்டோரம் நிற்பவர்கள் முழுக்கைச் சட்டை போட்டு, கொசுமருந்து பூசிக்கொள்ள வேண்டும்.

தாயை இழந்த குட்டியைப் பாவம் பார்த்து லயத்தில் கட்டி வளர்ப்பது வேறு தொல்லை. அதன் மலத்தில் இருக்கும் புழுக்கள் பிள்ளைகளுக்கு வரலாம். அனுமதியின்றி வளர்ப்பது தீபகற்பத்தில் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. வனவிலங்கு இலாகாவிடம் ஒப்படைத்துவிடுங்கள். சபா, செப்பிலோக்கில் 1964 முதல் அநாதை ஓராங் ஊத்தான்களை வளர்த்துக் காட்டுக்கு அனுப்புகிறார்கள். புதிதாக வரும் குட்டியைத் தனியே வைத்துச் சோதித்த பிறகே மற்றவற்றோடு சேர்ப்பார்கள். நம் சளிக்காய்ச்சல் அதற்கு ஒட்டிவிடும் என்ற பயமும் அவர்களுக்கு உண்டு!

காய்ச்சல், குளிர்நடுக்கம், தலைவலி கண்டால் அன்றைக்கே கிளினிக்குக் கிளம்புங்கள். "காட்டோரம் வேல செய்யுறேன், அங்க கொரங்கு நடமாட்டம் இருக்கு" என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் மருந்துக்குக் கட்டுப்படுகிற நோய்தான் இது.