அழைத்தால் வாசலுக்கு வரும் மருத்துவர்: கேரளத்தில் ஆடு வளர்ப்போர் அறிய வேண்டியவை என்ன?

திருவனந்தபுரம்: கேரளத்தில் மாடுகளைவிட ஆடுகளின் எண்ணிக்கை சற்றே அதிகம் என்பது பலரும் கவனிக்காத செய்தி. 2019ஆம் ஆண்டு நடைபெற்ற 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் ஏறத்தாழ 13.6 லட்சம் வெள்ளாடுகளும் 13.4 லட்சம் பசு, காளை இனங்களும் உள்ளன. மழையும் ஈரமும் மிகுந்த நிலம் என்பதால் செம்மறியாடுகள் இங்கு மிகக் குறைவு. தமிழ்நாட்டைப் போலப் பெரிய மந்தைகளையும் இங்குக் காண முடியாது. வீட்டின் பின்புறம் இரண்டு முதல் ஐந்து ஆடுகள் வரை வளர்க்கும் குடும்பங்களே மிகுதி. அவற்றைப் பராமரிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். நூறு ஆடு வைத்திருப்பவருக்கு ஓர் ஆடு இறந்தால் ஒரு பங்கு இழப்பு. மூன்று ஆடு வைத்திருப்பவருக்கு அது பிள்ளையின் கல்விக் கட்டணமாக இருக்கலாம்.

இத்தகைய சிறு வளர்ப்போருக்கு நீண்ட காலமாக இருந்து வந்த இடர்ப்பாடு, நோயுற்ற ஆட்டை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதாகும். ஆட்டோ வாடகையே சிகிச்சைச் செலவை மிஞ்சிவிடும் என்பதால் பலர் கை மருந்தோடு நிறுத்திக்கொள்வர். இந்நிலையை மாற்றும் நோக்கில் 2023 ஜனவரி 5 அன்று திருவனந்தபுரத்தில் 29 நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளையும் அவற்றுக்கான அழைப்பு மையத்தையும் மத்திய கால்நடை பராமரிப்புத் துறை அமைச்சராக இருந்த பர்ஷோத்தம் ரூபாலா தொடங்கி வைத்தார். 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தால் மருத்துவர், உதவியாளர், ஓட்டுநர் ஆகியோருடன் ஊர்தி வீட்டு வாசலுக்கு வரும். ஒரு லட்சம் கால்நடைகளுக்கு ஓர் ஊர்தி என்பது இத்திட்டத்தின் அளவுகோல். ஊர்தி வாங்கும் செலவு முழுவதையும் மத்திய அரசு ஏற்றது. இயக்கச் செலவை மத்திய, மாநில அரசுகள் 60:40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன.

ஊர்தி வருவதற்கு முன் வளர்ப்பவர் செய்ய வேண்டியவையே அதிகம். ஆடு நோயைக் கடைசி வரை மறைக்கும் விலங்கு. அசைபோடுவதை நிறுத்தி, கூட்டத்திலிருந்து விலகி, தலை தாழ்த்தி நிற்கும்போது நோய் பெரும்பாலும் பாதி வழியைக் கடந்திருக்கும்.

கண் இமையில் தெரியும் குடற்புழு

திருவனந்தபுரம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி ஈரமாக இருக்கும் இம்மண்ணில் ஆடுகளின் முதல் எதிரி குடற்புழுவே. ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு வாழும் 'ஹீமாங்கஸ்' என்ற உருளைப்புழு ஒன்று, நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி லிட்டர் இரத்தத்தை இழக்கச் செய்கிறது. கேட்பதற்கு அற்பமான அளவு. ஆனால் ஆயிரம் புழுக்கள் இருந்தால் அன்றாட இழப்பு 50 மில்லி லிட்டர். 25 கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் இருக்கும் இரத்தமே ஏறத்தாழ 1.75 லிட்டர்தான். பெண் புழு ஒன்று நாள்தோறும் ஆயிரக்கணக்கில் முட்டைகளை இடுவதால், ஒரு மழைக்காலத்துக்குள் மேய்ச்சல் நிலம் முழுவதும் அவை பரவிவிடுகின்றன.

இதனைக் கண்டறிய எளிய வழி உண்டு. ஆட்டின் கீழ் இமையைச் சற்றே விலக்கிப் பார்த்தால் உட்புறம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்பாகி, பின்னர் வெள்ளை வெளேரென மாறினால் இரத்தச்சோகை. தாடையின் கீழ் நீர் கோத்து வீங்குவது முற்றிய நிலை. தென்னாப்பிரிக்காவில் உருவாகி உலகெங்கும் பரவிய 'ஃபமாச்சா' என்ற ஐந்து நிற அட்டை, இந்த இமைப் பரிசோதனையை ஒழுங்குபடுத்தியதே.

எல்லா ஆடுகளுக்கும் ஒரே மருந்தை, ஒரே நாளில், தோராய அளவில் ஊற்றுவது பரவலான வழக்கம். குறைந்த அளவில் கொடுக்கப்படும் மருந்து பலவீனமான புழுக்களை மட்டும் கொன்று, தாங்கிய புழுக்களைப் பெருகச் செய்கிறது. சில ஆண்டுகளில் அம்மருந்து பயனற்றுப் போகிறது. எனவே எடை பார்த்து, மருத்துவர் கூறும் அளவில், சாணப் பரிசோதனையின் முடிவுக்கேற்ப மருந்தைத் தேர்வது அவசியம். பரிசோதனைக்குப் புதிய புழுக்கைகள் சிலவற்றைச் சிறு டப்பாவில் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசென்றால் போதும். மேலும், பனியும் மழைநீரும் படிந்த புல் நுனிக்கே புழுக்களின் இளவுயிரிகள் ஏறி நிற்கும் என்பதால், ஈரம் உலர்ந்த பின் மேய விடுவதே நல்லது. தரையிலிருந்து நான்கைந்து அடி உயரத்தில் பலகை இடைவெளியுடன் அமைக்கப்படும் பரண் கொட்டகை கேரளத்தில் விரும்பப்படுவதற்கும் இதுவே காரணம். புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்துவிடுவதால் குட்டிகளைத் தாக்கும் இரத்தக் கழிச்சலும் குறைகிறது.

மரவள்ளித் தோட்டத்தில் ஒளிந்திருக்கும் நஞ்சு

மரவள்ளிக் கிழங்கு இல்லாத கேரளச் சமையலறை அரிது. 1963ஆம் ஆண்டு முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமும் திருவனந்தபுரத்தின் ஸ்ரீகாரியத்தில்தான் அமைந்துள்ளது. ஆனால் இப்பயிரின் பச்சை இலையும் கிழங்குத் தோலும் ஆட்டுக்கு நஞ்சாகலாம். மெல்லும்போது இலையிலுள்ள வேதிப்பொருள் சிதைந்து சயனைடை வெளியிடுகிறது. ரப்பர் இலைக்கும் இதே குணம் உண்டு. பசியுடன் இருக்கும் ஆடு, அறுவடை நாளில் ஒதுக்கிப் போட்ட தழையை வயிறு நிறையத் தின்றுவிடுவதே வழக்கமாக நேரும் விபத்து.

சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறல், தள்ளாட்டம், வலிப்பு ஆகியவை தோன்றும். சயனைடு இரத்தத்திலுள்ள பிராணவாயுவைத் திசுக்கள் பயன்படுத்தவிடாமல் தடுப்பதால், இரத்தம் வழக்கத்தைவிடப் பளிச்சென்ற சிவப்பில் இருக்கும். இதற்குச் சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் ஆகிய மாற்று மருந்துகள் உள்ளன. அவற்றை மருத்துவர் நரம்பு வழியே செலுத்த வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்பதால், என்ன தின்றது என்பதை அழைப்பின் முதல் வாக்கியத்திலேயே கூறிவிட வேண்டும். இலையை நன்கு வெயிலில் உலர்த்தினால் நஞ்சின் பெரும்பகுதி நீங்கும். கேரள வீடுகளில் காலங்காலமாக ஆட்டுக்கு ஒடித்துப் போடப்படும் பலா இலையில் இந்த அச்சம் இல்லை. 'ஆடு தின்னாத தழை ஏது' என்ற அலட்சியம் மரவள்ளி விஷயத்தில் உதவாது.

அரசூரில் அறியப்பட்ட கொள்ளை நோய்

கொத்துக் கொத்தாக ஆடுகளை மடியச் செய்வது 'பி.பி.ஆர்.' எனப்படும் ஆட்டுக்கொல்லி நோய். 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் முதலில் விவரிக்கப்பட்ட இந்நோய், இந்தியாவில் 1987ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் விழுப்புரம் பகுதியிலுள்ள அரசூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. கடும் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாய்ப்புண், கழிச்சல், நுரையீரல் அழற்சி என ஒன்றன்பின் ஒன்றாக வரும். தடுப்பூசி போடாத மந்தையில் பத்தில் ஒன்பது ஆடுகள் வரை இறக்கக்கூடும். மனிதருக்கு இது தொற்றாது.

நோய் வந்த பின் வைரஸை அழிக்கும் மருந்து இல்லை. ஆனால் வருமுன் காக்கும் தடுப்பூசி மிகச் சிறந்தது. மூன்று, நான்கு மாத வயதில் ஒருமுறை போட்டால் ஏறத்தாழ மூன்றாண்டுகள் பாதுகாப்பு கிடைக்கும். அதற்கு முன் போட்டால் தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் தடுப்பூசியைச் செயலிழக்கச் செய்துவிடலாம். 2011ஆம் ஆண்டு மாட்டு வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதைப் போல, 2030க்குள் இதனையும் ஒழிப்பது சர்வதேச இலக்கு.

'ஊசி போட்டும் ஆடு செத்துவிட்டது' என்ற மனக்குறை ஊர்தோறும் கேட்கக் கூடியதே. தடுப்பூசியைக் குளிர்ப்பெட்டியின்றிக் கொண்டுவருவதும், கரைத்த மருந்தை நெடுநேரம் வைத்திருந்து போடுவதும் அதற்குக் காரணமாகலாம். ஏற்கெனவே கிருமி புகுந்த ஆட்டுக்குப் போட்டாலும் பயனில்லை. தமிழ்நாட்டுச் சந்தைகளிலிருந்து எல்லை கடந்து வரும் ஆடுகளை நேராகக் கொட்டகையில் சேர்ப்பதில் உள்ள ஆபத்தும் இதுவே. வாங்கிய ஆட்டை மூன்று, நான்கு வாரங்கள் தனியே கட்டிவைத்து, குடற்புழு நீக்கித் தடுப்பூசி போட்ட பின்னரே மற்றவற்றுடன் விட வேண்டும்.

இனத் தேர்வும் மருத்துவச் செலவைத் தீர்மானிக்கிறது. பெருத்த உடலுக்காக வட இந்திய இனங்களை வாங்கி வந்து, ஈரக் காற்றில் சளியுடன் போராடுவோர் உண்டு. இம்மண்ணுக்குப் பழகிய மலபாரி ஆடு பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும். களியக்காவிளை எல்லைக்கு அருகே பாறசாலையில் உள்ள அரசு ஆட்டுப் பண்ணையில் மலபாரி ஆடுகள் வளர்க்கப்படுகின்றன. பாலக்காட்டின் அட்டப்பாடி கறுப்பு ஆடு மலைச்சரிவுக்கு ஏற்றது.

குட்டி பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். தொப்புள் கொடியை டிங்சர் அயோடினில் நனைக்க வேண்டும். இவ்விரண்டும் தவறிய குட்டிகளே முதல் வாரத்தில் அதிகம் இறக்கின்றன.

சினை ஆடு கருச்சிதைவுற்றால் வெறும் கையால் தொடக் கூடாது. புருசெல்லோசிஸ் கிருமி அவ்வழியே மனிதரைத் தாக்கி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலாகவும் மூட்டுவலியாகவும் மாதக்கணக்கில் வருத்தும். கையுறை அணிந்து கழிவை ஆழப் புதைப்பதும், பாலைக் கொதிக்க வைத்துக் குடிப்பதும் கட்டாயம். மாதிரிகளைப் பரிசோதிக்கும் மாநில அளவிலான நோய்ப் புலனாய்வு ஆய்வகம் இம்மாவட்டத்தின் பாலோட்டில் இயங்குகிறது.

2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை, தேசிய கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் வளர்ப்போர் செலுத்த வேண்டிய பிரீமியப் பங்கை 15 சதவீதமாகக் குறைத்தது. எஞ்சிய தொகையை அரசுகள் ஏற்கின்றன. இழப்பீடு கோருவதற்குக் காதில் மாட்டிய அடையாள வில்லையே அடிப்படை. ஆடு இறந்தால் வில்லையைக் கழற்றாமல், புதைப்பதற்கு முன்பே மருத்துவருக்குத் தெரிவித்து உடற்கூறாய்வுச் சான்று பெற வேண்டும். திடீரென இறந்த ஆட்டின் மூக்கு, ஆசனவாய் ஆகியவற்றில் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் கசிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அத்தகைய உடலை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. மருத்துவர் வரும் வரை நாய், காகம் அண்டாமல் மூடி வைக்க வேண்டும்.