இறுதிச் சுற்றில் யாருக்கு இரண்டாம் வாய்ப்பு?

ஃபேன்டசி காற்பந்து விளையாடுகிறீர்களா? இங்கிலிஷ் பிரிமியர் லீக் ஆட்டக்காரர்களில் 15 பேரைத் தேர்ந்தெடுத்து ஒரு குழு அமைப்பீர்கள். களத்தில் அவர்கள் கோல் போட்டால் உங்களுக்குப் புள்ளி. பருவத்துக்கு மொத்தம் 38 சுற்றுகள்.

ஈசூனில் என் மாணவர்கள் சிலர் தங்களுக்குள் இப்படி ஒரு லீக் நடத்துகிறார்கள். 35 சுற்றுகள் முடிந்ததும் முதல் நால்வர் கடைசி மூன்று வாரங்களில் கிண்ணத்துக்காக மோதுவார்கள். அங்கேதான் சச்சரவு. 35 வாரம் பாடுபட்டு முதலிடம் பிடித்தவர், ஒரே வாரம் சறுக்கினால் வெளியேற வேண்டுமா?

வழக்கமான அரையிறுதி முறையில் ஆம். ஐபிஎல் கிரிக்கெட்டிலும் 2010 வரை அதுதான் முறை. 2009இல் நான்காம் இடத்தில் இருந்த டெக்கான் சார்ஜர்ஸ் கிண்ணத்தை வென்றது.

2011இல் ஐபிஎல் முறையை மாற்றியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா காற்பந்து லீக் 1931இலேயே பயன்படுத்திய முறை அது. விதிகள் எளியவை:

1. முதல் இரு குழுக்கள் மோதும். வென்ற குழு நேராக இறுதியாட்டத்துக்குப் போகும்.
2. மூன்றாம், நான்காம் குழுக்கள் மோதும். தோற்ற குழு வெளியேறும்.
3. முதல் ஆட்டத்தில் தோற்ற குழுவும் இரண்டாம் ஆட்டத்தில் வென்ற குழுவும் மோதும். வென்ற குழு இறுதியாட்டத்துக்குப் போகும்.
4. இறுதியாட்டம்.

இப்போது நிகழ்தகவைக் கணக்கிடுவோம். நான்கு குழுக்களும் சமபலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்லும் வாய்ப்பு 1/2.

முதலிடக் குழு கிண்ணம் வெல்ல இரண்டு வழிகள் உண்டு. முதல் ஆட்டத்தையும் இறுதியாட்டத்தையும் வெல்வது ஒன்று: 1/2 × 1/2 = 1/4. முதலில் தோற்று, பிறகு இரண்டு ஆட்டங்களையும் வெல்வது மற்றொன்று: 1/2 × 1/2 × 1/2 = 1/8. கூட்டினால் 3/8, அதாவது 37.5 விழுக்காடு. இரண்டாம் குழுவுக்கும் அதே வாய்ப்பு. மூன்றாம், நான்காம் குழுக்கள் தொடர்ந்து மூன்று ஆட்டங்களை வெல்ல வேண்டும் என்பதால் அவற்றுக்குத் தலா 1/8. அரையிறுதி முறையில் எல்லாருக்கும் 1/4தான்.

முதலிடக் குழு சற்றே வலிமையானது, ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்லும் வாய்ப்பு 60 விழுக்காடு என்றால்? அரையிறுதி முறையில் கிண்ண வாய்ப்பு 36 விழுக்காடு. புதிய முறையில் 50.4 விழுக்காடு!

நடைமுறை என்ன சொல்கிறது? 2011 முதல் 2025 வரை 15 பருவங்களில் 14 முறை முதல் இரு இடங்களில் இருந்த குழுவே வென்றது. 2017இல் மும்பை இந்தியன்ஸ் முதல் ஆட்டத்தில் தோற்றும், இரண்டாம் வாய்ப்பைப் பற்றிக்கொண்டு இறுதியாட்டத்தை ஒரே ஓட்டத்தில் வென்றது. விதிவிலக்கு, 2016இல் மூன்றாம் இடத்திலிருந்து வந்த சன்ரைசர்ஸ் ஹைதராபாத். ஆக, பின்தங்கியவருக்கும் கதவு அடைபடவில்லை.

செய்து பாருங்கள்: ஒரு போட்டிக்கு நாணயத்தை நான்கு முறை சுண்டினால் போதும். வகுப்பாகச் சேர்ந்து 80 போட்டிகள் நடத்துங்கள். வெற்றிகள் ஏறத்தாழ 30, 30, 10, 10 என்று பிரிகின்றனவா? அதன்பின் உங்கள் லீக்குக்கு எந்த முறை நியாயம் என்று முடிவெடுங்கள். ஆனால் முதல் சுற்று தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள்!